சேரப்பணஞ்சேரிக்குப் போன பன்னிரண்டு இதயங்கள்

தாம்பரத்திலிருந்து படப்பை போகும் ஷேர் ஆட்டோவில் எனக்குக் கிடைத்தது அரை இருக்கை. அந்த அரையிலும் பாதியை மடியிலிருந்த தெர்மாகோல் பெட்டி எடுத்துக்கொண்டது. மிச்சத்தில் நான் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வதைவிட, ஆட்டோவின் ஓரத்தில் காய வைக்கப்பட்டிருந்தேன் என்று சொல்லலாம். மே மாத வெயில் வேறு.

"இன்னா சார், மீனா?" என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி.

"இல்லீங்க, முட்டைங்க."

"முட்டைக்கா இப்டி கட்டிப் புட்ச்சிக்கினு வர்ற? இன்னா, தங்க முட்டையா?"

"உயிர் இருக்குதுங்க உள்ள. கருவு."

பக்கத்தில் நீலச் சீருடையில் இருந்த பெண் தன் முழங்காலைப் பெட்டியிலிருந்து மரியாதையாக நகர்த்திக்கொண்டாள். "வழியிலயே பொரிச்சிடுமா சார்?" என்று கேட்டாள். இன்னும் இரண்டரை வாரம் ஆகும் என்றேன். "அப்போ பரவால்ல, நான் படப்பைல எறங்கிடுவேன்" என்றாள்.

"பள்ளம் வர்துபா, சார் முட்டைய எல்லாரும் கொஞ்சம் புடிங்க" என்றார் ஓட்டுநர். ஐந்து சீருடைக் கைகள் பெட்டியின் மேல் விழுந்தன. நீலம், சாம்பல், இன்னொரு நீலம், காக்கி, ஆரஞ்சு. முகங்கள் எல்லாம் ஒரே பாலிடெக்னிக்கிலிருந்து நேற்றுத்தான் வெளியே வந்தவை போலிருந்தன. சட்டையைப் பார்த்தால்தான் இது டயர் கம்பெனி, இது கண்ணாடி, இது கார் என்று தெரியும்.

நான் நாமக்கல்லில் கோழித் தீவன ஏஜெண்ட். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு முட்டை உயிரினம் அல்ல, சரக்கு. அட்டையில் அடுக்குவோம், லாரியில் ஏற்றுவோம், உடைந்தால் திட்டுவோம். அதற்குள் என்ன நடக்கிறது என்று ஐம்பது வயது தாண்டும்வரை நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவள் என் மகள் நிவேதா. தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். தற்காலிக வேலை. நிரந்தரமாக்கலாமா என்று முடிவு செய்வதற்காக முதல்வரும் துறைத்தலைவரும் அவள் வகுப்பு ஒன்றில் வந்து உட்காரப் போகிறார்கள். அந்த வகுப்பில் கோழிக்கருவின் இதயம் துடிப்பதைக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு நேரம் பார்த்து அடை வைத்த முட்டை வேண்டும். எங்கள் ஊர் பொரிப்பகத்துக்காரர் என் சிநேகிதர். கொண்டுவர ஆள்?

"வேற ஆளே கிடைக்கலீங்கப்பா" என்றாள் நிவேதா. அப்படித்தான் நான் தேர்வானேன்.

பொரிப்பகத்தில் மூன்று நாள் அடைச்சூட்டில் இருந்த பன்னிரண்டு முட்டை. பெட்டிக்குள் சுடுதண்ணீர் புட்டிகள், ஒரு வெப்பமானி, சுவரில் பிளக் கிடைத்ததும் செருகிக்கொள்ள ஒரு சின்ன பல்பு. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் பெருக்கல் குறி. அவ்வப்போது திருப்பிவிட வேண்டும், குறி மேலே, குறி கீழே. கூடவே வாட்ஸப்பில் அவள் குரல். ஆட்டோ மணிமங்கலம் திருப்பத்தில் நெரிசலில் நின்றபோது மறுபடி போட்டுக் கேட்டேன். எல்லோரும் கேட்டார்கள், வேறு வழியில்லை.

"அப்பா, இது எல்லாமே ஒரே ஒரு செல்லுல ஆரம்பிக்குது. அது ரெண்டாகுது, நாலாகுது, லட்சமாகுது. எல்லாச் செல்லுக்குள்ளயும் அதே டி.என்.ஏ.தான். கண்ணுக்கு ஒரு புத்தகம், காலுக்கு ஒரு புத்தகம்னு தனியா கிடையாது. எல்லார் கையிலயும் முழுப் புத்தகம். எந்தப் பக்கத்த எங்க, எப்போ தொறக்கணும்ங்கறதுதான் விஷயமே. இதயமாகப் போற செல்லுல இதயத்துக்கான ஜீன் ஆன், இறகுக்கான ஜீன் ஆஃப். தொறக்கறதுக்கும் மூடறதுக்கும் தனியா புரதங்கள் இருக்கு. அது டி.என்.ஏ.ல சரியான எடத்துல போய் உக்காந்தாத்தான் ஜீன் வேலை செய்யும். இதெல்லாம் நேரப்படி நடக்கணும். சூடு கொறஞ்சா மெதுவாகும், ரொம்ப ஏறுனா கொழம்பிடும். பெட்டிய விட்டு நகராதீங்க. டீ குடிக்கக்கூட."

"பொண்ணு நல்லா மெரட்டுது சார்" என்றார் ஓட்டுநர்.

நிவேதா இருப்பது பெண்கள் விடுதி. அப்பாவானாலும் ஆண் ஆணே. ஆகவே என் தம்பி மகன் பிரபு சேரப்பணஞ்சேரியில் எடுத்திருக்கும் அறையில் தங்கல். படப்பைக்கு வந்து என்னைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்து, பெட்டியை எனக்கும் தனக்கும் நடுவே சொருகிக்கொண்டு, ஊர் காட்டினான். ஒரு பக்கம் ஏரி, அதன் கரையில் எருமை. இன்னொரு பக்கம் ஆகாயத்தைப் பாதி மறைக்கும் கம்பெனித் தகரக் கொட்டகை. கொரிய மொழியில் ஒரு பலகை, இந்தியில் "இங்கே ரொட்டி கிடைக்கும்", நடுவே "பிளாட் விற்பனைக்கு, பேங்க் லோன் வசதி உண்டு". வெளிநாடு பார்க்க ஆசைப்பட்ட என் பாஸ்போர்ட் பீரோவில் வெறுமனே தூங்குகிறது. இங்கே வர அதுகூட வேண்டியிருக்கவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி நெலந்தானுங்க பெரியப்பா முன்னாடி" என்றான் பிரபு. "மொதல்ல கார் கம்பெனி வந்துச்சு. கார் வந்ததும் பக்கத்துல காருக்கு சீட்டு செய்யற கம்பெனி. சீட்டு வந்ததும் அதுக்குள்ள வைக்கற நுரைக்கு ஒரு கம்பெனி. அப்புறம் எல்லாருக்கும் பிரியாணி."

இதை அன்று சாயந்திரம் நிவேதாவிடம் போனில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, குதித்தாள். "அப்பா, அதேதான்! கருவுலயும் பக்கத்து வீட்டுக்காரன் சொல்லித்தான் பாதி வேலை நடக்குது. மூளையிலேருந்து கண்ணுக்கான கிண்ணம் புடைச்சு வெளிய வந்து தோலுக்குக் கீழ நிக்கும். அது அனுப்பற சமிக்ஞைக்கு, மேல இருக்கற சாதாரணத் தோல் செல் எந்த ஜீன் ஆன், எந்த ஜீன் ஆஃப்ங்கறத மாத்திக்கிட்டு கண் லென்ஸா ஆயிடும். அந்தச் சேதி வரலைன்னா வெறும் தோலாவே இருந்திருக்கும்."

"அப்ப சீட்டுக் கம்பெனிதான் லென்ஸா?"

"ஆமா. நுரையும் பிரியாணியும் சேத்து" என்றாள். பிறகு, "அம்மா பருப்புப்பொடி குடுத்துச்சா?" என்று கேட்டாள்.

கொடுத்திருந்தாள், முறுக்கும் எள்ளுருண்டையும் சேர்த்து. "எல்லா உயிருக்கும் அப்படித்தாங்கப்பா" என்றாள் மகள். "ஆரம்பத்துல கருவுக்குச் சொந்தமா எந்த ஜீனும் முழிக்காது. அம்மா முட்டைக்குள்ள கட்டி அனுப்புன சேதியிலயும் புரதத்துலயுந்தான் வண்டி ஓடும். அது தீரத் தீரத்தான் தன்னோட ஜீன் ஒவ்வொண்ணா கண்ண முழிக்கும்." அவள் தண்டலம் வந்த முதல் மாதம் முழுக்க அம்மா கட்டிக் கொடுத்த பொடியில் ஓடியது எனக்கு நினைவு வந்தது. அப்பா கட்டிக் கொடுத்தது என்ன என்று கேட்க வாயெடுத்தேன். பதிலுக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

அறை மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிய நான் அப்படியே நின்றுவிட்டேன். தரை முழுக்க மஞ்சள் டேப்பால் கட்டம் கட்டமாகக் கோடு. ஒரு கட்டத்தில் "செருப்பு". ஒரு கட்டத்தில் "தண்ணீர் கேன்". ஒரு கட்டத்தில் "துடைப்பம்", அதில் துடைப்பம். சுவரில் சாவிக்கு ஒரு ஆணி, ஆணிக்கு மேல் "சாவி".

"மகேஷ் வேலைங்க பெரியப்பா" என்றான் பிரபு, குரலைத் தாழ்த்தி. "வாலாஜாபாத் பக்கத்து ஆளு. கம்பெனில ஃபைவ் எஸ்னு ஒண்ணு சொல்லிக் குடுப்பாங்க. வேண்டாதத ஒதுக்கு, வேண்டியத எடத்துல வை, தொடை, அதையே வழக்கமாக்கு, விடாம செய். எங்களுக்கெல்லாம் கேட்டோட சரி. இவன் அதுல கோப்பை வாங்குனவன். வீட்டுக்கும் கொண்டாந்துட்டான்."

"எனக்கும் கோடு போட்டிருக்கானா?"

"விருந்தாளிக்குப் பச்சை டேப்புங்க." பாய் விரிக்குமிடத்தில் நிஜமாகவே பச்சை டேப் இருந்தது. கொஞ்சம் குட்டையாக. என் கால்கள் இரவெல்லாம் விதிமீறலில் கிடந்தன.

மகேஷை அன்று பார்க்கவில்லை. பிரபு பகல் ஷிஃப்ட், மகேஷ் இரவு ஷிஃப்ட். ஒருவர் எழும்போது இன்னொருவர் படுப்பார். "ஞாயித்துக்கிழமைதான் முழு உருவத்த பாக்கறது" என்றான் பிரபு. மற்ற நாள் இருவரும் அட்டைகள் மூலம் பேசிக்கொள்கிறார்கள். கேஸ் சிலிண்டரில் ஒரு அட்டை தொங்கியது: "தீரப் போகுது." மூலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ், அதில் ஒரு சிவப்பு அட்டை. வெயில் பட்டு எழுத்து வெளிறியிருந்தது. என்னவென்று நான் படிக்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் செய்த முதல் தவறு அது.

இரண்டாவது இது: பெட்டியைப் பல்போடு செருகி வைத்ததும் பிரபு சொன்னான், "ஒரு பேப்பர்ல பேரெழுதி ஒட்டிடுங்க பெரியப்பா. பேரில்லாத பொருள மகேஷ் விடமாட்டான்." பஸ் மேல் ஏற்றும் பெட்டிக்குத்தான் எங்கள் ஊரில் பெயர் எழுதுவோம். வீட்டுக்குள் இருக்கும் முட்டைக்கு எதற்கு முகவரி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு, பிரபுவுக்கு வார விடுமுறை. மகேஷ் இரவு ஷிஃப்டிலிருந்து இன்னும் வரவில்லை. மதியம் கொரியச் சாப்பாடு சாப்பிடலாம் என்று கூப்பிட்டான். "பெட்டிய விட்டு நகராதீங்க" என்ற குரல் காதில் ஒலித்தது. பசியின் குரல் வயிற்றில் ஒலித்தது. பல்பு எரிகிறது, வெப்பமானி சரியாகக் காட்டுகிறது, போய் வர எவ்வளவு நேரமாகிவிடும்?

நெடுஞ்சாலையோரம் அந்தக் கடை. உள்ளே குளிர். முதலில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் புளித்த முட்டைகோஸ் வந்தது. எங்கள் வீட்டில் இப்படிப் புளித்தால் என் மனைவி கொட்டிவிடுவாள். இங்கே அதைக் கேட்டு வாங்குகிறார்கள். பிறகு கொதிக்கும் கல்சட்டியில் சோறு, கீரை, இறைச்சி. உச்சியில் ஒரு பச்சை முட்டை, மஞ்சள் கரு என்னையே பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கிளறினேன். ருசியாகத்தான் இருந்தது. குற்ற உணர்ச்சியும் எள்ளெண்ணெயும் நன்றாகச் சேர்கின்றன.

பக்கத்து மேசையில் ஒரு கொரியர் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். யாரையோ வேலையை விட்டுத் தூக்குகிறார் என்று நினைத்தேன். அவர் எதிரே தோசைக்குப் பழகிய கையால் குச்சி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். "ஒண்ணுமில்ல சார். அவரு பொண்ணு ஊர்ல தனியா ரயில்ல போவுதாம். கதவுகிட்ட நிக்காத, தெரியாதவங்ககிட்ட எதுவும் வாங்கித் துன்னாத, போய்ச் சேந்ததும் போன் பண்ணு, இப்பவே சொல்லு எந்தப் பெட்டின்னு... ஒரு மணி நேரமா இதேதான்."

நான் எழுந்து போய் அந்தக் கொரியரிடம் கைகொடுத்தேன். அவருக்கு ஏனென்று புரியவில்லை. எழுந்து குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்ததில் சோறு ஆறிவிட்டது.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முதலில் வந்தது மணம். ஆம்லெட்.

பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லை. பல்பு ஒயர் அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, "ஒயர்" என்ற கட்டத்தில் இருந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் என் தெர்மாகோல் பெட்டி கழுவிக் கவிழ்த்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதில் புத்தம்புதிய சிவப்பு அட்டை: "உரிமையாளர் இல்லை."

"துடைப்பம்" கட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன். நிவேதாவின் முகம், முதல்வரின் முகம், என் மனைவியின் முகம் வரிசையாக வந்து போயின. கடைசி முகம் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. "பிரபு, எனக்கு நெஞ்சு வலிக்குது" என்றேன். "அது கொரியாக் காரமுங்க பெரியப்பா" என்றான்.

உள்ளறையில் ஒருவன் போர்வையை நான்கு மூலையும் சமமாக இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மகேஷ். இரவு ஷிஃப்டும் முடித்து, ஓ.டி.யும் பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறான். உலுக்கினேன்.

"இன்னாபா... யாரு நீ?"

"முட்டை! என்ற முட்டை எங்கடா?"

"ஓ, அத்து உன்துதானா?" எழுந்து உட்கார்ந்தான். "பேரே இல்லாத கீதே, எவனோ வுட்டுட்டுப் போய்ட்டான்னு நெனச்சேன். லைட்டு வேற வேஸ்ட்டா எரிஞ்சிக்கினு இருந்துது. அதான் ஆஃப் பண்ணிட்டு, பெட்டிய கழுவி வச்சேன்."

"முட்டைய என்ன பண்ணுன?"

"முட்டைய அதும் எடத்துல வச்சிட்டேன்பா."

"எது அதும் எடம்?"

"இன்னா கேள்விபா இது, ஃப்ரிட்ஜு!"

பனிக்குகைக்குள் பன்னிரண்டு சின்னஞ்சிறு இதயங்கள் ஒவ்வொன்றாக நிற்பதை என் காதால் கேட்டேன். பாய்ந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. முகத்தில் குளிர் அடிக்கவில்லை. வெந்நீர் அண்டாவைத் திறந்தது போல வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்தது. கீழ்த் தட்டில் பாதுகாப்பு ஷூ, மேல் தட்டில் மடித்த சட்டைகள், கதவில் முட்டைக்கான பள்ளங்கள். அதில் ஒழுங்காக, கூர்முனை கீழே பார்க்க, முட்டைகள்.

"அத்து ரெண்டு வருசமா ஓடலபா" என்றான் மகேஷ் பின்னாலிருந்து. "சிவப்பு அட்டை போட்டுக்கீறேன் பார், ரிப்பேர்னு. அலமாரியா வச்சிக்கீறோம். முட்டைக்கு மட்டும் அத்தவுட நல்ல ஸ்டாண்டு எங்க கெடைக்கும்?"

ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். தகரக் கூரையும் மே மாதமும் சேர்ந்து என் சுடுதண்ணீர் புட்டிகளைவிட ஒழுங்காக வேலை பார்த்திருந்தன. வந்ததிலிருந்து நான் திட்டித் தீர்த்த வெயில். மேலே பார்த்துக் கும்பிட்டேன்.

கும்பிட்ட கை இறங்குமுன் அடுத்த இடி. பள்ளத்தில் இருந்தவை பன்னிரண்டு அல்ல, பதினெட்டு. அத்தனையும் இளம்பழுப்பு. எதிலும் பென்சில் குறி இல்லை.

"கோடு கோடா அழுக்கா இருந்துச்சு, ஈரத் துணில தொட்ச்சிட்டேன்" என்றான் மகேஷ். "வேல முட்ச்சி வரும்போது வழில நாட்டு முட்டை வாங்கியாந்தேன். எல்லாத்தியும் ஒண்ணா அடுக்கிட்டேன். ரெண்டுல ஆம்லெட் போட்டுத் துன்னேன்."

"எந்த ரெண்டு?"

அவன் யோசித்தான். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

நிலைமையைச் சொன்னேன். இதயம், வகுப்பு, முதல்வர், மகளின் வேலை. சொல்லி முடித்தபோது மகேஷின் முகம் வெளிறியிருந்தது. கோப்பை வாங்கியவன் முதல்முறையாக எதையோ தவறான இடத்தில் வைத்திருக்கிறான். "கவலப்படாத பெரீப்பா" என்றான், பிரபுவுக்குப் பெரியப்பா என்றால் தனக்கும் என்று முடிவு செய்துகொண்டு. "நம்ப இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிடலாம்."

ஜன்னல் இல்லாத ஒரே அறை குளியலறை. மூன்று பேரும் உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டோம். நான் வாளியின் மேல், பிரபு கதவோடு கதவாக, மகேஷ் குழாயடியில். பொரிப்பகத்தில் சிநேகிதர் செய்வதைப் பார்த்திருக்கிறேன்: முட்டையின் அகலப் பக்கத்தில் வெளிச்சத்தை அழுத்தினால் உள்ளே தெரியும். மகேஷின் போன் விளக்கின் மேல் முதல் முட்டையை வைத்தேன். முட்டை முழுக்க ஆரஞ்சாகப் பற்றிக்கொண்டது. வெறும் ஆரஞ்சு. இரண்டாவது, வெறும் ஆரஞ்சு. என் வியர்வை வாளியில் சொட்டியது.

மூன்றாவது முட்டையில், ஓட்டுக்குக் கீழே, சிவப்பு மையில் சிலந்தி ஒன்று காலை விரித்திருந்தது. மெல்லிய நரம்புகள். அவை வந்து சேரும் நடுவில் ஒரு புள்ளி. அது சும்மா இருக்கவில்லை.

மகேஷ் விளக்கை அசைக்காமல் கிசுகிசுத்தான். "இன்னாபா இது... அட்ச்சிக்கினு கீது."

"இதயம்" என்றேன். முட்டை வாழ்க்கையில் இத்தனை வருஷத்துக்குப் பிறகு நானும் முதல்முறையாகப் பார்த்தேன் என்பதை அவர்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

"மூளை வந்துடுச்சா இதுக்கு?" என்றான் பிரபு. "முழுசா இல்ல, வேலைய ஆரம்பிச்சுட்டுத்தான் மத்ததெல்லாம்" என்றேன். "நம்ம ஒரகடம் மாதிரி, கம்பெனி ஓட ஆரம்பிச்சப்புறந்தான் ரோடு" என்றான்.

அதன்பின் மகேஷ் பொறுப்பேற்றான். பையிலிருந்து கம்பெனி ஸ்டிக்கர் எடுத்தான். துடிப்பவற்றுக்குப் பச்சை வட்டம், ஓகே. துடிக்காதவற்றுக்குச் சிவப்பு, என்.ஜி., அதாவது தேறாதது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்துத்தான் ஒட்டினான். முடிவில் பச்சை பதினொன்று. ஒன்று குறைந்தது. பொரிப்பகத்திலிருந்து வரும்போதே அது வெறும் முட்டையாக இருந்திருக்கலாம். அந்த ஆம்லெட்டைப் பற்றி நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. மகேஷும் அன்று சாயந்திரம் சாம்பார் சாதம்தான் சாப்பிட்டான்.

பெட்டி மறுபடி சூடானது. அதன் மேல் மகேஷ் ஒரு சிவப்பு அட்டை கட்டினான்: "இயக்காதே, நகர்த்தாதே. உரிமையாளர்: பெரியப்பா."

வகுப்பு நாள் காலை தனக்குத் தெரிந்த கம்பெனிப் பேருந்தில் அவனே என்னை ஏற்றிவிட்டான். ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து தண்டலம். எளிது. ஆனால் நான் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கூட்டுரோடு பின்னால் போயிருந்தது, பேருந்து ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றிருந்தது. எல்லோரும் இறங்கி அட்டை தேய்த்து உள்ளே போனார்கள். தேய்க்க என்னிடம் கன்னம் மட்டுமே இருந்தது.

வெளியே போகலாம் என்று திரும்பினால் காவலாளி மறித்தார். தென்பாண்டிப் பேச்சு. "அண்ணாச்சி, பெட்டியில என்னது?"

"முட்டைங்க. தெரியாம உள்ள வந்துட்டனுங்க."

"உள்ள வாரது யாரும் வரலாம். வெளிய பொருள் போவணும்னா பாஸ் வேணும்லா?" மூடியைத் திறந்தார். பச்சை வட்டங்களைப் பார்த்தார். முகம் இறுகியது. "ஓகே ஸ்டிக்கர் ஒட்டிருக்கு! ஓகே ஆன பொருள எங்க கொண்டுட்டுப் போறீரு? ரிஜெக்ட்டுன்னாலாவது விடலாம்."

என் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக நான் யோசித்ததில்லை, யோசித்ததாகவும் சொல்ல முடியாது. வாயில் வந்தது: "இது முட்டை இல்லீங்க, பிரசவ கேஸு. பதினோரு உசுரு. நேரமாச்சுன்னா இங்கயே ஏதாவது ஆயிப்போகும், அப்பறம் நீங்கதான் பொறுப்பு."

அவர் பெட்டியையும் சிவப்பு அட்டையையும் என்னையும் பார்த்தார். "என் ட்யூட்டில வேண்டாம்யா" என்று தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். ஒரு ஆட்டோவையும் அவரே கைதட்டிக் கூப்பிட்டார்.

கல்லூரி ஆய்வகத்தில் நிவேதா வெள்ளைக் கோட்டில் நின்றிருந்தாள். பின் வரிசையில் முதல்வர், துறைத்தலைவர். பெட்டியைத் திறந்தவள் பச்சை ஸ்டிக்கர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அம்மாவின் கண்.

"யாருப்பா இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுனது?"

"ஒரு சின்ன விசயம் நடந்துச்சு சாமி..." என்று காதோரம் சொல்லி முடித்தேன். ஃப்ரிட்ஜ் என்று சொன்னபோது கண்ணை மூடினாள். ஓடாத ஃப்ரிட்ஜ் என்றதும் திறந்தாள்.

முதல் முட்டையின் ஓட்டில் சின்னக் கத்தரியால் ஜன்னல் வெட்டினாள். காமிராவைப் பொருத்தினாள். திரையில் மஞ்சள் கடலின் மேல் ஒரு சிவப்பு மரம், அதன் அடியில் அது. துடித்தது. நின்றதா? இல்லை, துடித்தது. பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

"இந்தச் செல்லுக்குள்ள இறகு செய்யற ஜீனும் இருக்கு, கண் செய்யற ஜீனும் இருக்கு" என்றாள் நிவேதா. "அப்புறம் ஏன் இதயம் மட்டும் துடிக்குது? இங்க இறகு ஏன் மொளைக்கல?" அவள் பெட்டியிலிருந்த மகேஷின் சிவப்பு அட்டையை அவிழ்த்துத் தூக்கிப் பிடித்தாள். "இது என்னன்னு யாருக்குத் தெரியும்?"

பாதிக் கைகள் எழுந்தன. அவர்கள் அண்ணன்கள், அக்காக்கள், அப்பாக்கள் எல்லாம் அந்தக் கம்பெனிகளில்தானே. "மெஷின்ல மாட்டுவாங்க மேம். ஓட்டக்கூடாதுன்னு."

"மெஷின் போயிடுச்சா?"

"இல்ல மேம், அங்கயேதான் இருக்கும். தொட மாட்டாங்க."

"அதேதான். வேண்டாத ஜீன செல் தூக்கிப் போடறதில்ல. அது மேல சின்னதா ஒரு ரசாயன அட்டைய மாட்டுது. டி.என்.ஏ.வ அந்த எடத்துல இறுக்கிச் சுத்தி வச்சிடுது. படிக்கற புரதம் கிட்ட வர முடியாது. செல் ரெண்டா பிரியும்போது அட்டையும் சேந்து நகலாகுது. அதனாலதான் இதய செல்லோட பிள்ளையும் இதய செல்லாவே இருக்கு, திடீர்னு இறகாகிடறதில்ல."

முதல்வர் முன் வரிசைக்கு வந்து உட்கார்ந்தார். துறைத்தலைவர் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "உரிமையாளர் பெரியப்பா என்றால் யார்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நான் ஒரு எலும்புக்கூட்டின் பின்னால் நின்றுகொண்டேன்.

எல்லோரும் போனபின் மீதி முட்டைகளை அடைகாக்கும் கருவிக்குள் வைத்தபடி நிவேதா சொன்னாள்: "வகுப்புக்கு மூணு முட்டை போதுங்கப்பா."

"அப்பறம் ஏன் பன்னெண்டு கேட்ட?"

"கொண்டுவரப் போறது நீங்களாச்சே. பாதி போயிடும், மீதியில பாதி ஆறிடும்னு கணக்குப் போட்டேன்." என் தோளில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரைப் பிய்த்து எடுத்தாள். எப்போது ஒட்டியதோ. ஒரு கணம் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் ஒட்டினாள்.

வேலை உறுதியான செய்தி நான் ஊர் சேர்ந்தபின் வந்தது. அதற்கடுத்து மகேஷிடமிருந்து ஒரு படம் வந்தது. பொரித்த குஞ்சுகளில் ஒன்றை அவன் நிவேதாவிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தான். படத்தில் அதே அறை. தரையில் புதிதாக ஒரு மஞ்சள் கட்டம், அதற்குள் தீவனக் கிண்ணம், மேலே தெளிவான எழுத்தில் "கோழி".

குஞ்சு கட்டத்துக்கு வெளியே, "செருப்பு" என்ற கட்டத்தில், மகேஷின் பாதுகாப்பு ஷூவுக்குள் நின்றுகொண்டிருந்தது.